மிதம் என்று நான் எழுதிய உறை

தம்பி ஈரத் துணியால் எங்கள் வீட்டுத் தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். குந்தி உட்கார்ந்து, இடது கையால் மூடியைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் வட்டம் வட்டமாக. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பது அவன் வேலை. எண் தெளிவாகத் தெரியாமல் எழுதமாட்டான். ஆனால் அன்று கண்ணாடி எப்போதோ பளிச்சென்று ஆகிவிட்டது. அவன்தான் எழுந்திருக்கவில்லை.

"மீட்டர்கிட்ட என்னதான் ரகசியம் பேசுறாரோ, கேட்டுச் சொல்லுங்க அண்ணி" என்றாள் அவன் மனைவி, வாசலில் நின்றபடி.

நானும் சிரித்தேன். முப்பது வருடம் நோயாளிகளைப் பராமரித்தவள் நான், அதற்கென்று பயிற்சி எடுத்தவள். நடந்தால் கால் மரத்து, குனிந்து உட்கார்ந்தால் சரியாகிறது என்றால், கீழ் முதுகில் நரம்புகள் போகும் வழி குறுகியிருக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

நடந்தால் கால் மரக்கிறது என்று அவனே சொன்னதும், அந்த மாதமே முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினான்.

"இதுல எண் எங்கக்கா?"

"எண் இல்லடா. மாடரேட்னு போட்டிருக்கு. மிதமா இருக்குன்னு அர்த்தம்."

"மிதம்னா?"

"மிதமா சாப்பிடு, மிதமா பேசுன்னு சொல்றதில்லையா, அதுதான். பயப்பட ஒண்ணுமில்ல, போ."

உறையின் மேல் 'மிதம்' என்று பேனாவால் எழுதியும் வைத்தேன். நடையோடும் வலியோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று ரிப்போர்ட்டின் கடைசி வரி சொன்னது. அதை அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை. எவ்வளவு தூரம் நடக்கிறாய் என்று கேட்கவும் இல்லை.

அந்தச் சொல் அவனுக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. தெருவில் நடுவழியில் நின்றால், "மிதம் நின்னுட்டாரு, ஒரு நாற்காலி போடுங்கப்பா!" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கத்துவார்கள். அவனும் சிரிப்பான். மீட்டரே இல்லாத வீட்டுச் சுவரோரமும் குந்திவிட்டு எழுந்து போவான். இப்படி இரண்டு வருடம்.

போன மாதம் அவன் வலது கால் செருப்பு வழியில் கழன்றுவிட்டது. அது தெரியாமலே இரண்டு வீடு தாண்டிப் போயிருக்கிறான். பாதம் தொங்கிப் போயிருந்தது. மறுபடி ஸ்கேன் எடுத்தோம்.

ஸ்கேன் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"வெள்ளையா இருக்கிறது நரம்பைச் சுத்தி இருக்கிற நீர். கருப்புப் புள்ளிதான் நரம்பு. நாங்க நாலு படி வெச்சிருக்கோம். முதல் படியில வெள்ளை நல்லாத் தெரியும். ரெண்டாவதுல புள்ளியெல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும், வெள்ளை கொஞ்சம்தான் இருக்கும். உங்க பழைய படம் அது. மூணாவதுல நீரே தெரியாது, ஒரே சாம்பல். நாலாவதுல பின்னால இருக்கிற கொழுப்பும் தெரியாது. இப்ப நீங்க நாலு."

தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பவே ரெண்டுன்னு சொல்லியிருந்தா மூணு ஆகுறதுக்குள்ள வந்திருப்பேனே டாக்டர். மிதம்னுதானே சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று அவன் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

மறுநாள் சேரச் சொன்னார் அறுவை சிகிச்சை டாக்டர். கால் வலி குறையும் என்றார். பாதம் நிமிருமா என்று கேட்டதற்கு, "முன்னாடியே வந்திருக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியிடம் சொன்னேன். "நான் சொன்னது தப்புடா. பாதி வழி அடைச்சாச்சுன்னு சொல்லியிருக்கணும்."

"உன்னை மட்டும் சொல்லி என்னக்கா? எனக்கும் அந்தச் சொல்லு வசதியா இருந்துச்சு."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று அதில் ஒரு கேள்வி.

"கொஞ்ச தூரம்னு எழுதுங்க அண்ணி" என்றாள் அவன் மனைவி.

நான் பேனாவை மூடினேன். தம்பியை எழுப்பி, நடைவழியில் கூட்டிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு அடியையும் அவன் வாய்விட்டு எண்ணினான். நாற்பத்தொன்றில் சுவரைப் பிடித்துக் குனிந்துவிட்டான். படிவத்தில் 41 காலடி என்று எழுதினேன். குனிந்தபடியே அதை வாங்கி, எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.