வெள்ளைப் பூ இரண்டு முறை வந்தது

பனியன் துணிப் பைக்குள் பட்டன்கள் உரசும் சலசலப்பைக் கேட்டால் எனக்கு இப்போதும் அக்கா பத்தாம் வகுப்பு முடித்த கோடை நினைவுக்கு வரும். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, நிகழ்தகவுப் பாடம் நடத்த வண்ணப் பந்துகள் இல்லாததால், அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்த எங்கள் பெற்றோரிடம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டன் வாங்கிவரச் சொல்லி, சம அளவில் பையில் போட்டுக் குலுக்குவார் கணக்கு டீச்சர். அவருடைய விதிகள் மூன்று: குலுக்காமல் எடுக்கக் கூடாது, பார்த்து எடுக்கக் கூடாது, வந்தது பிடிக்கவில்லையென்று மறுபடி எடுக்கக் கூடாது. "புடிச்சது வர்ற வரைக்கும் எடுத்தா அது கணக்கில்ல கண்ணு, அடம்" என்பார்.

அந்தக் கோடையில் அக்கா பத்தாம் வகுப்பு தேறினாள். கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல். மேலே படிக்கட்டும் என்றார் அம்மா, கம்பெனிக்குப் போகட்டும் என்றார் அப்பா. பேச்சு முடியாததால் முருகன் கோயிலுக்குப் "பூக் கேட்க"ப் போனோம். வெள்ளைப் பூவையும் சிவப்பு அரளியையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் வேலை.

கோயிலுக்கு வந்திருந்த ஒரு சிறுமி எடுத்தாள். வெள்ளை. இரண்டில் ஒன்று என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

"மனசு ஒப்பலீங்க சாமி, இன்னொருக்கா கேட்டுப்போடலாம்" என்றார் அப்பா, பூசாரியிடம்.

மறுபடியும் வெள்ளை. அப்பா மறுபடியும் கேட்கச் சொன்னார். மூன்றாவது முறை அரளி வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி சொல்லிவிட்டது என்று திரும்பி நடந்தார்.

"வெள்ளை வந்தப்ப மறுக்கா கேட்டீங்கல்லப்பா, இப்பவும் ஒருக்கா கேளுங்க" என்றேன். அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அக்காதான் என் கையை அழுத்தினாள்.

"உடு கண்ணு. இதும் வெள்ளையா இருந்தா நாலாவதும் கேட்டிருப்பாங்க."

நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது யாரும் பூக் கேட்கவில்லை; வீட்டுக்கு அக்காவின் சம்பளம் வந்துகொண்டிருந்தது. இன்று ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் பெட்டிகளில் சிலவற்றைப் பார்த்துப் பொறுக்காமல் பிரித்து, மாதிரிக்குச் சில பனியன்களை எடுத்துத் தரம் பார்க்கிறேன். மாதிரி தேறாதபோது கம்பெனிக்காரர்கள் வேறு பெட்டி பிரிக்கச் சொல்வார்கள், மறுத்துவிடுவேன். அக்கா வேறொரு கம்பெனியில் தைத்த பனியன்களில் குறை தேடும் செக்கிங் மேசை முன்னால் இன்னும் நிற்கிறாள்.

அந்தப் பட்டன் பை இப்போது பள்ளியில் இல்லை, புத்தகம் மட்டும்தான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் அதே நிகழ்தகவுப் பாடத்தில் சந்தேகம் கேட்டு அக்காவிடம் வந்தாள். அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. தன் சேலையில் ஒட்டியிருந்த பிசிர் நூலை எடுத்தபடியே, புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.