கண்ணில் ஒற்றிக்கொண்ட சுரைக்காய்

காலை ஏழு இருபதுக்கு, மானாம்பதி கூட்டுரோட்டில், உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய என் மகள் படியில் கால் வைக்கும் முன் கீழே விழுந்தாள். தடுக்கி விழவில்லை. விளக்கை அணைத்தாற்போல் விழுந்தாள். பஸ்ஸுக்குள் இருந்த ஒரு நர்ஸ் இறங்கி வந்து அவள் நெஞ்சை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள். அந்த நர்ஸ் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கும்பிட வேண்டியவர்களில் அவர்தான் முதல் ஆள். இப்போதும் ஏழு இருபதானால் கூட்டுரோட்டில் போய் நிற்கிறேன். அவள் பஸ் ஏறி, ஜன்னலில் முகம் தெரிந்த பிறகுதான் மூச்சு வருகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தின் தசை தடித்திருக்கிறது என்றார் டாக்டர். பரம்பரையாக வருவதாக இருந்தால் மறுபடியும் இப்படி ஆகக்கூடும். அப்போது உள்ளிருந்தே ஓர் அதிர்ச்சி கொடுத்து மீட்கிற சின்னக் கருவியைத் தோளெலும்புக்குக் கீழே வைத்துவிடலாம். ஆனால் பதினாறு வயதுப் பெண்ணுக்கு வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

"உங்க குடும்பத்துல சின்ன வயசுலயே திடீர்னு இறந்தவங்க யாராவது உண்டா?"

"எங்க அப்பா, சார். நாற்பத்தொரு வயசுல. கிணத்துல மூழ்கி."

"நீச்சல் தெரியாதா?"

"நல்லாத் தெரியும்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அவரோட அப்பா எப்படி இறந்தார்?"

தெரியாது என்றேன். அது உண்மைதான். என் அப்பாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது தாத்தா வீட்டை விட்டுப் போய்விட்டார். காசிக்குப் போனார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அமாவாசைக்கு அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விட்டோம். அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு ஞாபகம். காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி, கிணற்றில் இறக்கி, கால் உதைக்கச் சொல்லிக்கொடுத்தாராம். மறுநாள் கிணற்றடியில் குடுக்கை இருந்தது, தாத்தா இல்லை.

எங்கள் பங்காளிகள் யாரும் சுரைக்காய் சாப்பிட மாட்டோம். எந்தக் காலத்திலோ பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் முன்னோர் ஒருவர் சுரைக்குடுக்கையைப் பிடித்துக்கொண்டு கரையேறினாராம். உயிரைக் காப்பாற்றியதைத் தின்னக் கூடாது. யாராவது சுரைக்காய் கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கல்யாணமாகி வந்த மருமகள்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

மகள் கருவி வேண்டாமென்று அழுதாள். "என்னை மெஷினா மாத்தப் போறியா நைனா?" என்றாள். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வைக்காமல் விட்டு மறுபடி விழுந்தால்? தேவையே இல்லாமல் பிள்ளையின் உடம்பைக் கிழித்துவிட்டால்? இரண்டு பயமும் மாறி மாறி வந்தன.

மறுநாள் மதியம், பக்கத்துக் கட்டிலில் தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களுக்கும் ஒரு கிண்ணம் கூட்டு கொடுத்தார். என் மனைவி வாங்கினாள். சுரைக்காய் என்று தெரிந்ததும் கண்ணில் ஒற்றி, எதிர்க் கட்டில்காரரிடம் நீட்டினாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "இன்னாம்மா, நீங்களும் அந்தக் கும்பலா?"

"எந்தக் கும்பல்?"

"பாலாத்தாண்ட, பயசீவரம் பக்கத்துல எங்க ஊரு. காலனில ஒரு வேதக்கார வூடு கீது. சுரக்கா குடுத்தா கண்ணுல ஒத்திக்கினு, மேல ஒரு சிலுவையும் போட்டுக்கினு, பக்கத்து வூட்டுக்கு அனுப்பிடும் அந்த அக்கா. சர்ச்சுல இப்பிடித்தான் சொல்லிக்குடுத்தாங்களான்னு நாங்க கேலி பண்ணுவோம். அவங்க நைனா சொன்னதாம்."

"அந்த நைனாவுக்கு எந்த ஊரு?"

"அது அவரு பொண்ணுக்கே தெரியாது. எங்கருந்தோ வந்தவராம்."

சிலுவையைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் வீடு.

அன்று சாயங்காலமே மானாம்பதிக்குப் போய், அப்பாவின் பங்காளியான சித்தப்பாவைப் பிடித்தேன். முதலில் பேச்சை மாற்றினார். பிள்ளையின் நிலைமையைச் சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க தாத்தன் காலனிப் பொண்ணு கூடப் போயிட்டான்டா. பேர மாத்திக்கினான், சாமிய மாத்திக்கினான். தேடிக்கினு போன எங்கப்பன் கிட்ட, நான் அவன் இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். ஊருக்கு இன்னான்னு சொல்றது? காசின்னு சொன்னோம்."

"பழையசீவரத்துக்கும் காசிக்கும் கொஞ்சம் தூரம், சித்தப்பா."

"நக்கலா? அந்த ஜனங்கள ஆஸ்பத்திரிக்கு இட்டாராத. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எம்பொண்ணும் சேர்ந்து சிரிக்கணும். அதுதான் எனக்கு வேணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தாத்தா மேல் கோபம் கோபமாக வந்தது. ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஒரு மனிதர் பாலாற்றங்கரை வரைதான் போயிருக்கிறார். பேரை, சாமியை, தெருவை, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டவர், சுரைக்காயை மட்டும் ஏன் விடவில்லை என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம் தணிந்தது. அதையும் விட்டிருந்தால் எனக்கு அவர் கிடைத்திருக்கவே மாட்டார்.

பக்கத்துக் கட்டில் அம்மாதான் அந்த வேதக்கார வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்களாம். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெரு அவர்கள் தெருவுக்குச் செய்ததை எல்லாம் நினைத்தால், வா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை?

மறுநாள் காலை, வார்டு வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கட்டைப்பையோடு நின்றார். நெற்றி வெறுமையாக இருந்தது. மூக்கும் மோவாயும் என் அப்பாவுடையவை. நான் எழுந்து நின்றேன். "அத்தை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இன்னாபா, எங்க அண்ணன் மூஞ்சிய அப்பிடியே வச்சினு கீறியே," என்று என் கன்னத்தைத் தொட்டார். "நைனா ஏர் ஓட்டிக்கினு இருந்தவரு அப்பிடியே சாஞ்சிட்டாரு. அம்பது வயசு கூட ஆவல. என் கூடப் பொறந்த அந்த அண்ணனும் கல்யாண மோளத்துக்கு ஆடிக்கினே வியுந்து போயிட்டான். உங்கப்பன்?"

"கிணத்துல, அத்தை."

"அய்யோ. நீஞ்சத் தெரியாமலா?"

"தெரியும். நல்லா நீஞ்சுவாரு."

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் புள்ள நீஞ்சக் கத்துக்கினானா இல்லியான்னு தெர்ல, பாதில வுட்டுட்டு வந்துட்டேன்னு, தண்ணி போட்டா அயுவாரு எங்க நைனா. எந்தப் புள்ளன்னு கேட்டா சொல்ல மாட்டாரு."

டாக்டரின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அதோடு என் அப்பா ஒருநாளும் கேட்டிராத பதிலும் வந்துவிட்டது.

மகள் தலையணையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அத்தை புடவையைக் கொஞ்சம் விலக்கி, அவள் கையைப் பிடித்து, தன் இடது தோளெலும்புக்குக் கீழே தோலுக்குள் தட்டுப்பட்ட சின்ன மேட்டின் மேல் வைத்தார்.

"தொட்டுப் பாருடி. எம்மா வருஷமா உள்ளதான் கீது. ஒரு தபா கயுத மாதிரி ஒதச்சிது. அந்த ஒதையிலதான் நான் இன்னிக்கு உன் எதுருல குந்திக்கினு கீறேன்."

மகள் கையை எடுக்கவில்லை. "வலிக்குமா ஆயா?" என்றாள்.

"நாலு நாளு வலிக்கும். அப்பறம் மறந்துடும்," என்றார் அத்தை. "சுரக்கா குடுத்தா கண்ணுல ஒத்திக்கினு அடுத்த வூட்டுக்குக் குடுத்துடு. இத மட்டும் யாருக்கும் குடுக்காத. நீயே வச்சிக்கோ."