லாக் எடுக்கும் நர்மதா

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து வாசலுக்கு எதிரில், ஐஸ் கம்பெனிக்கும் டீக்கடைக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு கடை. பலகையில் 'நர்மதா செல் சர்வீஸ்' என்று எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் பலகையைப் படித்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமே, "கடைக்காரரு எப்போ வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்து குந்திகினுதான் கீறாரு. இன்னா கோளாறு, சொல்லு" என்பாள் நர்மதா. கேட்டவன் அசடு வழிவான். வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தக் கூத்து நடக்கும். அவளுக்கு அலுத்ததே இல்லை.

சுனாமியில் திருவொற்றியூர் குப்பத்து வீடு போய், எர்ணாவூர் குடியிருப்பில் ஒற்றை அறை கிடைத்த சமயம், ஒரு தொண்டு நிறுவனம் இலவசத் தொழிற்பயிற்சி தருவதாகச் சொன்னது. நர்மதா தையல் வகுப்புக்குத்தான் போனாள். அங்கே இடம் நிறைந்துவிட்டது. அடுத்த அறையில் செல்போன் ரிப்பேர் வகுப்பு. பதினெட்டு ஆண்கள், ஒரு காலி நாற்காலி. போய் உட்கார்ந்துவிட்டாள். யோசித்து யோசித்துத்தான் தொழிலைத் தேர்ந்தெடுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதிப் பேர் காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தவர்கள்தான்.

டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜர் முனையைப் பற்றவைப்பது எல்லாம் எல்லாக் கடையிலும் நடக்கிற வேலை. நர்மதாவுக்குப் பெயர் வந்தது 2008-க்குப் பிறகு, லாக் எடுப்பதில். அப்போதைய நோக்கியா பெரிய போன்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கம்பெனியின் ஒப்புதல் முத்திரை இல்லாத சாஃப்ட்வேரை உள்ளே விடாது. சான்றிதழ் சரியில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். மற்ற கடைக்காரர்கள் போனின் தேதியை ஒரு வருஷம் பின்னால் தள்ளி ஏமாற்றிப் பார்ப்பார்கள். சில சமயம் ஏமாறும். நர்மதா பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எங்கோ ஒரு தேசத்துப் பையன்கள் அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்து, அந்தக் காவலையே அடியோடு எடுத்துவிடக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்வதற்குள் இரண்டு பழைய போன்கள் உயிர்விட்டு வெறும் செங்கல்லாகிப் போயின.

"துட்டு குட்த்து வாங்குனது நீ. உள்ள இன்னா போடறதுன்னு கம்பெனிக்காரன் இன்னா சொல்றது?" என்பாள். அவளுடைய தொழில் கொள்கை மொத்தமும் அவ்வளவுதான்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. காவலை எடுத்த போனில் எடுத்தவருக்குத் தெரியாத மூலை என்று ஒன்றும் இருக்காது. எல்லா அறையும் திறந்து கிடக்கும். புருஷன்மார்கள் ஒளித்து வைத்த மெசேஜ், கல்யாணமாகாத பெண்களின் போட்டோ, எல்லாம் அவள் கண்ணில் படும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. அதனால்தான் கடை ஓடியது.

2009-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரம், விசைப்படகு டிரைவர் பாஸ்கர் வந்தான். துபாயில் இருக்கும் மச்சான் அனுப்பிய போன் கையில் இருந்தது.

"இதுல ஜிபிஎஸ் கீதுன்றான் மச்சான். பாயிண்டு போட்டு வெக்கிற சாஃப்ட்வேரு ஒண்ணை மண்ணடி கடைல மஜீது இறக்கிக் குட்த்தான். உள்ள போவ மாட்டேன்னு பேஜாரு பண்துமா."

பாயிண்டு என்றால் கடலில் மீன் கிடைக்கும் இடம். அடியில் பாறையோ, மூழ்கின படகோ கிடக்கும். அதைச் சுற்றி மீன் மேயும். இடத்தின் எண்ணை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்தால் அடுத்த முறை நேராக அங்கே போய் நிற்கலாம். கண்டுபிடித்தவனுக்குத்தான் அது சொந்தம். பெண் கொடுத்த மாமனார்கூட மருமகனுக்குப் பாயிண்டு சொல்ல மாட்டார். பாஸ்கர் கண்டுபிடித்ததெல்லாம் பழைய முதலாளியின் படகில் இருந்த ஜிபிஎஸ் பெட்டியில் இருந்தது. முதலாளியோடு சண்டை போட்டு இறங்கிய அன்று பெட்டி படகோடு போய்விட்டது. பத்து வருஷத்து உழைப்பு. நோட்டில் எழுதலாம் என்றால் அவனுக்கு எழுத வராது, எழுதச் சொன்னால் எழுதுகிறவனுக்குத் தெரிந்துவிடும்.

நர்மதா ஒரு காலைப்பொழுதில் லாக்கை எடுத்து சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தாள். பாஸ்கர் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கழுத்தில் மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். பழைய இடங்களை ஞாபகத்தை வைத்துத் தட்டுத்தடுமாறித் தேடி ஒவ்வொன்றாக அதில் குறித்துக்கொண்டான். இரண்டே மாதத்தில் அவன் ஓட்டும் படகு கரைக்கு வந்தால் ஏலக்காரர்கள் ஓடிவர ஆரம்பித்தார்கள். சங்கரா மீன் கூடை கூடையாக இறங்கியது.

ஆகஸ்டில் போன் திணற ஆரம்பித்தது. பத்து நிமிஷம் வேலை செய்தால் கால் மணி நேரம் உறைந்து நிற்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதுதான் வழி. நர்மதா முதலில் பாயிண்டுகளைத் தன் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு போனை அழித்து, ஏற்றி, மறுபடி லாக் எடுத்து, பாயிண்டுகளைத் திரும்பப் போட்டாள். மூன்று நாள் வேலை. திங்கட்கிழமை வந்த பாஸ்கர் எண்ணிப் பார்த்தான். முப்பத்தொன்றும் இருந்தன. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது.

"எல்லாம் அழியும்னியே. எப்டி திரும்பி வந்துச்சு?"

"காப்பி எடுத்து வச்சேண்ணா."

"எங்க?"

அவள் கம்ப்யூட்டரைக் காட்டினாள். பாஸ்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. நர்மதாவின் புருஷன் பிரகாஷ் வேறொரு படகில் வலை இழுக்கிறவன். அந்தப் படகின் டிரைவர் அசோகனுக்கு அந்த வருஷம் கடல் ஒன்றும் கொடுக்கவில்லை. துறைமுகத்துக்கே தெரிந்த விஷயம்.

கண் எதிரில் அழிக்கச் சொன்னான். அழித்தாள். அதுவும் போதவில்லை. டீக்கடையில் கற்பூரம் வாங்கி வந்து கடை வாசலில் ஏற்றினான். "கெங்கம்மா மேல சத்தியமா உன்கிட்ட காப்பி இல்லன்னு அடிச்சு அணை." டீ குடித்துக்கொண்டிருந்த பத்துப் பேர் பார்த்தார்கள். நர்மதாவுக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் உள்ளங்கையால் சுடரை அடித்து அணைத்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அரிசி களையும்போதுதான் ஞாபகம் வந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வழக்கப்படி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாரத்துக் காப்பிகளை ஒரு டிஸ்க்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். மழைக்குக் கடையில் தண்ணீர் ஏறும் என்ற பயம். டிஸ்க்குகள் டிவி மேல் ஒரு பெட்டியில் கிடக்கும். முந்தா நாள் கொண்டுவந்த டிஸ்க்கில் பாஸ்கரின் முப்பத்தொரு பாயிண்டும் இருந்தன.

உடைத்திருக்க வேண்டும். கையில் எடுத்தாள், வளைத்தாள், மனசு வரவில்லை. பத்து வருஷத்தை ஒரு முறை இழந்தவன். மறுபடி அத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அலையில் திரிகிறான். ஒரு அலை போதும் என்று குப்பத்துக்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துக் கூறைப் புடவை மடிப்புக்குள் வைத்தாள். சத்தியம் பண்ணிய கை இரண்டு நாள் எரிந்தது. சூடுபட்டதால்தான், வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த மூன்று மாதங்கள்தான் அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமானவை. சுனாமியை விடவா என்று கேட்டால், சுனாமியில் அவள் ஒன்றும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. அசோகன் படகு போவதும் வெறும் ஐஸோடு திரும்புவதுமாக இருந்தது. மீன்காரன் வீட்டில் கஞ்சிக்கு ஊறுகாய். பிரகாஷ் சுவரில் சாய்ந்துகொண்டு, "பாஸ்கர் போட்டுல மீனு கொட்டுது நர்மதா. எங்களுக்கு இன்னா பாவமோ, வலைதான் கிழிஞ்சிகினு கீது" என்பான். அவள் அடுப்பு பக்கம் திரும்பிக்கொள்வாள். புடவை மடிப்பிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரே ஒரு எண். இரண்டு தடவை பீரோவைத் திறந்தாள். இரண்டு தடவையும் மூடினாள். கொடுத்தது தெரிந்தால் கடை போகும் என்ற பயம் ஒரு பக்கம். அது தன்னுடையதல்ல என்பது இன்னொரு பக்கம். புருஷன் பசியோடு படுக்கும்போது இந்த இரண்டும் ஒரு சமாதானமா?

நவம்பரில் வங்கக்கடலில் காற்று கிளம்பியது. இரண்டாம் நாள் பாஸ்கர் கடைக்கு வந்தான். கையில் பர்மா பஜாரில் வாங்கிய அதே மாதிரி பழைய போன். பெஞ்சில் உட்கார்ந்து அதை அவள் பக்கம் தள்ளினான்.

"வலை தூக்கும்போது கயிறு அறுந்து போன் உள்ள போயிடுச்சு. இதுக்கு லாக் எட்த்துக் குடு." அப்புறம் தலையைத் தூக்காமலே, "அந்த மிஷின்ல எங்கியாச்சும் கொஞ்சம் ஒட்டிகினு இருக்காதாமா?" என்றான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் எழுந்து போயிருப்பான், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. இருக்கு என்றால் கற்பூரத்தின் மேல் பொய்ச்சத்தியம் பண்ணினவள். துறைமுகத்தில் அப்புறம் ஒருத்தன் போன் கொடுக்க மாட்டான். நாலடிக் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"மிஷின்ல இல்லண்ணா. வூட்ல கீது" என்றாள் நர்மதா.

பாஸ்கர் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. "கற்பூரம் அடிச்சியே! பத்துப் பேர் பார்க்க அடிச்சியே!" டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்தாள். கடையைப் பூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் எர்ணாவூர் போய், புடவைக்குள் இருந்ததை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பாஸ்கர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். டீக்கடைக் கூட்டமும் கலையவில்லை.

லாக் எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. முப்பத்தொரு பாயிண்டும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பாஸ்கர் அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"இது ஆகஸ்ட்லேந்தா உன் வூட்ல கீது?"

"ஆமாண்ணா."

"பிரகாஷ் கீற வூட்ல."

"ஆமா."

"ஒரு நாள்கூட அசோகன் போட்டை என் பாயிண்டுல நான் பார்க்கலையேமா" என்றான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனவன், டீக்கடைக்காரர்களிடம் ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை.

இரண்டு நாள் ஒரு ஆளும் கடைப்பக்கம் வரவில்லை. முடிந்தது கதை என்று நர்மதா நினைத்தாள். மூன்றாம் நாள் காலை நாலு டிரைவர்கள் சேர்ந்து வந்தார்கள். மேஜையில் போன்களை வரிசையாக வைத்தார்கள். "எங்களுதும் லாக் எட்த்துரு. பாயிண்டையெல்லாம் ஒரு காப்பி எட்த்து உன் வூட்டுலயே வச்சிரு. பாஸ்கர் சொன்னான்" என்றார் மூத்தவர்.

அன்று மத்தியானம் பிரகாஷும் வந்தான். அசோகனின் போனை நீட்டினான். "எங்க டிரைவரும் உன்கிட்ட காப்பி வெக்கச் சொல்றாரு."

நர்மதா கை நீட்டவில்லை. "உன்கிட்ட மறைச்சு வச்சிருந்தேன்யா. மூணு மாசம் நீ கஞ்சி குட்ச்சிகினு..." என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னா மறைச்சே? எல்லா டிஸ்க்கும் டிவி மேல கெடக்குது, ஒண்ணு மட்டும் கூறைப் புடவைக்குள்ள. அந்த வாரமே பார்த்துட்டேன். கற்பூரம் அடிச்ச கதைதான் துறைமுகம் பூரா தெரியுமே."

"பின்ன ஏன்யா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா குட்த்திருப்பியா?"

நர்மதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "குட்த்திருப்பேன்" என்றாள்.

"தெரியும். அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு, பிரகாஷ் போனை மேஜையில் வைத்தான்.