மடியில் பெட்ரோல் பம்பு

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவருக்குச் சலவை வேட்டி. நகக்கண்ணில் மட்டும் கிரீஸ். துண்டு சுற்றிய பொட்டலமொன்றைக் கைக்குழந்தைபோல மடியில் வைத்திருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

“என்னது அண்ணாச்சி?”

“காரோட பெட்ரோல் பம்பு. ஜெர்மன் கார். மதுரையில ஒருத்தர்தான் இதைப் பார்ப்பாரு.”

“ஜெர்மன் கார் ரிப்பேரே ஆகாதும்பாங்களே?”

“அப்படிச் சொல்லித்தான் என் தலையில கட்டுனாங்க. நல்ல வண்டிதான். நின்னுட்டா நம்மூர்ல எவனும் தொடமாட்டேங்கான்.”

“வித்திரலாம்லா?”

“மக கல்யாணம் வருது. மாப்பிள்ளை அழைப்புக்கு ஜெர்மன் கார்னு சம்பந்தி வீட்டுல சொல்லிட்டேன்.”

கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் எஞ்சினுக்குள் ஏதோ கம்பியை முறுக்கிவிட்டுத் தள்ளச் சொன்னார். நாங்கள் முணுமுணுத்தோம். அவர் பொட்டலத்தை இருக்கையில் வைத்துவிட்டு முதல் ஆளாக இறங்கித் தோள் கொடுத்தார். பஸ் கிளம்பியது. மூச்சு வாங்க உட்கார்ந்தவர், எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“கொடுத்துவச்ச வண்டி. நடுக்காட்டுல நின்னாலும் இதுக்கு வைத்தியம் கெடைக்கு.”

அந்த மாப்பிள்ளை எதில் வந்து இறங்கினாரோ, தெரியாது. ஊர்வலத்தில் கார் நின்றிருந்தால் முதலில் தோள் கொடுத்தவர் யாரென்று மட்டும் தெரியும்.