மூணாவது திருப்புல புடிச்சுக்கும்

வெள்ளிக்கிழமை, காலை 8.10. திருச்சியிலிருந்து நாலேகால் மணி நேரம் பறந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபோது என் கைக்கடிகாரம் ஐந்து நாற்பதைக் காட்டியது. முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இந்த ஊருக்கு இது எட்டாவது பயணம். முன்பெல்லாம் முறுக்கு, வற்றல், கஸ்தூரிக்கு ஒரு சுங்குடிச் சேலை என்று பெட்டி கனக்கும். இந்தத் தடவை என் சட்டை நாலுதான். கஸ்தூரி இறந்து எட்டு மாதமாகிறது. துக்கம் கேட்க வந்தேன். அதோடு, அவள் கணவன் செல்வராஜிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. போனிலேயே கேட்டுவிடலாம் என்று எத்தனையோ நாள் நினைத்தேன், வாய் வரவில்லை.

செல்வராஜ் சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங்கில் பிறந்தவன். இளவயதில் அங்கே கப்பல் பட்டறைக்கு நான் வேலைக்கு வந்தபோது ஏற்பட்ட பழக்கம். நாலு வருஷத்தில் நான் புதுக்கோட்டைக்குத் திரும்பி மோட்டார் உதிரிபாகக் கடை வைத்துவிட்டேன். ஆனாலும் வண்டி விஷயம் என்றால் என்னைக் கேட்காமல் அவன் எதுவும் செய்யமாட்டான். எனக்கோ கருத்துச் சொல்வதென்றால் சோறு தண்ணி வேண்டாம்.

போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளத் தனியாக ஓர் உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதன் ஆயுள் பத்து வருஷம். அது முடிந்ததும் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். இல்லையென்றால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் உடைக்கவோ வெளிநாட்டுக்கு ஏற்றவோ கொடுத்துவிட வேண்டியதுதான். நாலு வருஷத்துக்கு முன் செல்வராஜின் காருக்குப் பத்து முடிந்தது. கஸ்தூரி புதுசு வாங்கச் சொல்கிறாள் என்றான். நான் ஒரு மணி நேரம் போனில் பிரசங்கம் செய்தேன். “பத்து வருஷத்துலதான்டா வண்டி பக்குவத்துக்கு வரும். இப்ப வர்றதெல்லாம் தகரமும் கம்ப்யூட்டரும். நின்னா நின்னதுதான். பழசு அப்படியில்ல, சொல்லிட்டுத்தான் கெடும்” என்றேன். புதுப்பித்தான். பிறகு ஸ்டார்ட்டர் மக்கர் பண்ணத் தொடங்கியது. “மாத்திடாதே. சாவிய மூணு தடவை திருப்பு. மூணாவது திருப்புல புடிச்சுக்கும்” என்றேன். அப்படியே பிடித்தது. கஸ்தூரிக்கு நெஞ்சுவலி வந்த காலையில் மட்டும் பிடிக்கவில்லை.

8.50. செல்வராஜ் வந்திருந்தான். இளைத்துப்போயிருந்தான், சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவன் கார் புதுசு, மின்சாரத்தில் ஓடுவது. செம்பவாங் முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. தெம்பனிஸ் விரைவுச்சாலை, சிலேத்தார் விரைவுச்சாலை என்று வழுக்கிக்கொண்டு போனது. இன்ஜின் சத்தத்தை வைத்தே வண்டியின் ஜாதகம் சொல்கிறவன் நான். இதில் எனக்குக் கேட்க ஒன்றுமே இல்லை.

“நல்லா ஓடுதாடா?”

“ஒரு நாள்கூட மக்கர் பண்ணதில்ல. ஏறி உக்காந்தா போதும், ரெடியா இருக்கும்” என்றான். பெருமைப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

வீடு சேர்ந்ததும் முதல் வேலையாகக் கார் நிறுத்துமிடத்தில் மின்னேற்றியில் வயரைச் செருகினான். எழுபத்தாறு சதவீதம் பாக்கியிருந்தது. போதாதா என்றேன். “இல்லலா, எப்பவும் ஃபுல்லா வச்சிருக்கணும்” என்றான், அந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு. மேலே ஒன்பதாவது மாடியில் பசியாறிக்கொண்டிருந்தபோதும் கைப்பேசியை எடுத்து எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஓடோமீட்டரைப் பார்த்திருந்தேன். ஆறு மாதத்துக் காரில் மொத்தம் அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். எங்கேயும் போகாத மனிதனுக்கு எந்நேரமும் தயாராக நிற்கும் வண்டி. இட்லித் தட்டை நகர்த்தி வைத்தேன்.

மாலை 5.30. இருவரும் கீழே இறங்கினோம். அவன் காரில் ஏறி, பித்தானை அழுத்தி, விளக்குகள் எரிவதைப் பார்த்துவிட்டு இறங்கினான். தினமும் இப்படி ஒரு தடவை பார்ப்பானாம். நான் அப்போதுதான் கேட்டேன்.

“அன்னிக்கு என்னடா நடந்துச்சு?”

“பழைய காரு இதே பார்க்கிங் லாட்லதான் நின்னுச்சு. அவள முன்னாடி உக்கார வச்சேன். ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்தானே, ஆம்புலன்ஸுக்கு எதுக்குக் காத்திருக்கணும்னு நெனச்சேன். மூணு தடவை திருப்புனேன், புடிக்கல. நாலு, அஞ்சு… புடிச்சுடும், புடிச்சுடும்னே திருப்பிக்கிட்டிருந்தேன். எப்பவும் புடிச்சிருக்கே. அவதான், ‘டாக்சி கூப்பிடுங்க’ன்னா. இரு, இன்னொரு தடவைன்னேன். கால் மணி நேரம் போயிடுச்சு முத்து. புது வண்டி நின்னா நின்னதுதான்னு நீ சொல்வியே, அந்த மாதிரி ஒரேயடியா செத்துப் போயிருந்தா நான் உடனே போன எடுத்திருப்பேன்.”

முப்பது வருஷமாக நான் கடையில் உட்கார்ந்து பேசிய பேச்செல்லாம் என் வாயிலேயே மண்ணாக விழுந்தது. பழைய வண்டி சொல்லிவிட்டுத்தான் கெடும் என்பது உண்மைதான். ஒரு வருஷமாகத் தினமும் சொல்லியிருக்கிறது. அதை வண்டியின் குணம் என்று கொஞ்சக் கற்றுக்கொடுத்தவன் நான்.

“என்னை மன்னிச்சுடுடா” என்றேன்.

“நீ புதுக்கோட்டையில இருந்த. சாவி என் கையில இருந்துச்சு” என்றான். வயரைச் சரிபார்த்துவிட்டு, “வண்டிய வச்சுக்கச் சொன்னது நீதான்னு பிரியாகிட்ட மட்டும் சொல்லிடாத. யாரோ ஃபிரண்டு சொன்னாங்கன்னுதான் அவளுக்குத் தெரியும்” என்றான். பிரியா அவனுடைய ஒரே மகள், அவனோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

சனிக்கிழமை, காலை 10.15. பிரியா என்னைத் தேக்காவுக்கு அழைத்துப் போனாள். கார் வேண்டாம் என்று எம்ஆர்டி ரயிலில் போனோம். நியூட்டனில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்க முக்கால் மணி நேரம். பஃப்ளோ ரோட்டில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நடக்க இடமில்லை, அங்கே வேலைக்கு வந்திருக்கும் நம்மூர்ப் பையன்கள், விடுமுறை நாளென்று ஊருக்குப் போன் பேசிக்கொண்டு நின்றார்கள். அம்மா படத்துக்கு மல்லிகைச் சரம் வாங்கினாள், மூன்று வெள்ளி; டாலரை அங்கே வெள்ளி என்பார்கள். தேக்கா நிலையத்து உணவுக்கடையில் மசாலா தோசை மூன்று வெள்ளி ஐம்பது காசு, ‘தே’ என்கிற பால் தேநீர் ஒரு வெள்ளி அறுபது காசு. தோசை நன்றாக இருந்தது என்று எழுத வேண்டும். எனக்கு அதன் ருசி நினைவில்லை. காரணம், பாதியில் அவள் கேட்டாள்:

“அங்கிள், அந்தக் காரை ரினியூ பண்ணச் சொன்னது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? அம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. எத்தனை தடவை கேட்டாலும் அப்பா பேர் சொல்ல மாட்டேங்குறார்லா.”

பக்கத்து மேசையில் யாரோ தட்டை எடுத்தார்கள். நான் தேநீரைக் குடித்தேன், சூடு நாக்கைச் சுட்டது. “தெரியலம்மா” என்றேன். அறுபத்திரண்டு வயதில், மகள் மாதிரி ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.00. செல்வராஜுக்குக் காய்ச்சல் மாதிரி இருந்ததால் விமான நிலையத்துக்குப் பிரியாவே ஓட்டினாள். ஒலியில்லாத கார். என் பழைய வண்டியாக இருந்தால் கியர் மாற்றும் சத்தத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். சிலேத்தார் விரைவுச்சாலை முடிகிற இடத்தில் சொன்னேன்.

“பிரியா, அது நான்தாம்மா. புதுப்பிக்கச் சொன்னது, ஸ்டார்ட்டரை மாத்த வேணாம்னு சொன்னது, ரெண்டும் நான்தான்.”

அவள் திரும்பவில்லை. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. வேகக் காட்டியில் எண்பது எண்பதாகவே இருந்தது. இருபது நிமிஷம் அப்படியே போனோம். சாங்கியில் நிறுத்தி, என் பெட்டியை அவளே இறக்கி வைத்தாள்.

“எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க. அவருக்கு நீங்க ஒருத்தர்தான் ஃபிரண்டு. போன் பண்றத நிறுத்திடாதீங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “வீட்டுப் போன நான் எடுத்தா அவர்கிட்ட கொடுத்துடுறேன்.”

உள்ளே போகும்வரை நின்று வழியனுப்புவது அந்த வீட்டு வழக்கம். நான் திரும்பிப் பார்த்தபோது கார் இல்லை.

திருச்சியில் இறங்கி வாடகைக் காரில் ஊர் வந்தேன். சிங்கப்பூர் எப்படி என்று கேட்ட ஓட்டுநரிடம், வண்டியெல்லாம் ரொம்ப நன்றாக ஓடுகிறது தம்பி என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் மாலை செம்பவாங் வீட்டுப் போனுக்கு அழைத்தேன். யாரோ எடுத்தார்கள், பேச்சு வரவில்லை. தரையில் செருப்பு தேய்ந்து நடக்கும் ஓசை கேட்டது. ஒரு கதவு திறந்தது. பிறகு செல்வராஜ், “சொல்லுடா” என்றான்.