யாருக்கும் சொந்தமில்லாத ஆர்லீன்

ஆர்லீன் டட்டில் காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிப் பேருந்தைக் கிளப்புவாள். முதல் பிள்ளை ஏறும் வளைவுக்குப் பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடமும் ஜெபம். ஜனாதிபதியில் தொடங்கி, ஆளுநர் வழியாக இறங்கி, எங்கள் பார்லோ ஊரில் நாய்க்கு உரிமம் எழுதுகிற கிளார்க் வரை, பதவியில் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைப்பாள். சத்தமாகத்தான். காலிப் பேருந்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

"சிலருக்குப் பேரை மட்டும் சொல்லி நிறுத்திக்குவேன். மிச்சத்தை அவரே பாத்துக்கட்டும்" என்பாள்.

இதனால்தான் முப்பத்தேழு வருடமாக அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சேர்ந்துவிட்டால் பாதிப் பேருக்காக ஜெபிக்கும்போது நாக்கு இழுக்கும் என்பது அவள் கட்சி. யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று அவள் கணவன் ராய்க்கே தெரியாது. "எங்க வீட்ல ரெண்டு ரகசியம். ஒண்ணு இவ ஓட்டு, இன்னொண்ணு இவ கிறிஸ்துமஸ் கேக்ல ஊத்துற பிராந்தியோட அளவு" என்பான்.

எங்கள் வெள்ளைத் தேவாலயத்தில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்கு என்ன கஷ்டமோ ஆர்லீனுக்கு போன் போடுவார்கள். அவள் நோட்டில் எழுதிக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். நான் அடுத்தவளை, அவள் அதற்கடுத்தவளை. அரை மணி நேரத்தில் சபை முழுக்க ஜெபித்துக்கொண்டிருக்கும். பெயர் சொல்ல விருப்பமில்லாதவர்கள் "சொல்லப்படாதது ஒண்ணு" என்று மட்டும் சொல்லலாம். யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மனசுக்குள் யூகிக்கத் தடையில்லை.

சங்கிலியின் முதல் கண்ணியாக ஆர்லீனை வைத்ததற்குக் காரணம் அவள் பக்தி மட்டுமில்லை. எங்கள் சபையின் நடுவே ஒரு பாதை இருக்கிறது. இடது பெஞ்சுக்காரர்கள் ஒரு கட்சி, வலது பெஞ்சுக்காரர்கள் இன்னொன்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான் உட்காருவோம். ஆர்லீன் பின்னால், சமையலறைக் கதவை ஒட்டி உட்காருவாள். இரண்டு பக்கத்து மூட்டுவலியும், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் விவாகரத்தும் அவளிடம்தான் வரும்.

அந்தச் செப்டம்பரில் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று ஓட்டு நடந்தது. எங்கள் நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சாராதவர்களும் அதில் ஓட்டுப் போடலாம். மேஜையில் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கின கணத்தில் அந்தக் கட்சி உறுப்பினர். வெளியே போகும்போது ஒரு கார்டில் கையெழுத்துப் போட்டால் மறுபடி சாராதவர். கால் மணி நேரக் கட்சிக்காரர்கள் எங்கள் ஊரில் பாதிப் பேர் இருக்கிறார்கள்.

அன்றைக்கு ஊர் மண்டபத்தில் சபைப் பெண்கள் வழக்கம்போல சூப்பும், மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற 'பை' பலகாரமும் விற்றோம். ஆர்லீன் ப்ளூபெர்ரி பையை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுப் போய் ஓட்டுப் போட்டாள், திரும்பி வந்து கத்தியை எடுத்தாள். அவ்வளவுதான் நான் பார்த்தது.

மூன்று வாரம் கழித்து மண்டபச் சுவரில் புதிய வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் கட்சியின் எழுத்து இருக்கும். டட்டில், ஆர்லீன் என்ற பெயருக்கு நேரே ஒரு கட்சியின் எழுத்து இருந்தது. எந்தக் கட்சி என்று நான் இங்கே எழுதினால் அவள் என்னோடு பேசமாட்டாள். இடது பெஞ்சின் கட்சி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடது என்று கேட்காதீர்கள்.

முதலில் கண்டுபிடித்தது டாட்டி. வலது பெஞ்சு, இரண்டாம் வரிசை.

ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது கேட்டேவிட்டாள். "ஏண்டி ஆர்லீன், முப்பத்தேழு வருஷம் வேலி மேல உக்காந்திருந்தியே, கடைசியில எந்தப் பக்கம் குதிச்சேன்னு சுவத்தைப் பாத்துத்தான் நாங்க தெரிஞ்சுக்கணுமா?"

"நான் கார்டுல கையெழுத்துப் போட்டேன்" என்றாள் ஆர்லீன்.

"போட்டிருந்தா எழுத்து ஏன் வருது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? கையெல்லாம் ப்ளூபெர்ரி. கார்டுல கட்டைவிரல் கறைகூடப் பட்டுச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

நான்தான் சும்மா இருக்காமல், "அவசரத்துல மறந்திருப்பே, விடு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் வலது பெஞ்சிலிருந்து போன் வருவது குறைந்தது. சண்டை ஒன்றுமில்லை. சிரித்தார்கள், பை வாங்கினார்கள். கஷ்டத்தை மட்டும் நேராகப் பாஸ்டரிடம் கொண்டுபோனார்கள். இடது பெஞ்சுக்காரர்கள் அதைவிட மோசம். "நம்ம ஆளுதானே" என்று ஆரம்பித்து, எதிர்க்கட்சி வேட்பாளர் மேடையில் தடுக்கி விழ ஜெபிக்கும்படி ஒருவர் கேட்டாராம். வாசலில் யாரோ கட்சிப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். ராய் அதைப் பிடுங்கிக் கோழிக்கூண்டுக்குக் கதவாக்கினான்.

அக்டோபர் நடுவில் என்னைக் கூப்பிட்டு நோட்டைப் படித்தாள். நாலே நாலு வேண்டுதல்.

"பாரு, எல்லாம் ஒரே பக்கம். ஒரு கட்சிக்காரனுக்குத்தான் முட்டி வலிக்குதுன்னு ஆண்டவர் நினைச்சுக்கப் போறாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, "டாட்டிக்கு இடுப்பு எலும்புல ஆபரேஷனாம். கடைக்காரன் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியதா போச்சு" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு காபி மேஜையருகே நின்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். "வர்ற சனிக்கிழமை பட்டியலைத் திருத்த உக்காருறாங்க. கார்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி என் கார்டைக் காட்டுறேன். கறையோட."

"காட்டு, காட்டு. நானும் வர்றேன்" என்றாள் டாட்டி.

பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஊரில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். மூத்தவர் வெண்டல் கிம்பால், எழுபத்துநாலு வயது. வலது பெஞ்சின் முதல் வரிசை. இருபத்தாறு வருடமாக மர ஸ்கேலும் பென்சிலும் வைத்து ஒரு பெயர் பிசகாமல் பார்த்தவர். செத்துப்போனவர்களைக்கூட முறைப்படி விசாரித்துத்தான் நீக்குவார்.

திருத்தத்துக்கு அரை மணி நேரம்தான், பதினொன்றிலிருந்து பதினொன்றரை. சனிக்கிழமை நானும் டாட்டியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஆர்லீன் உள்ளே போனாள். வெண்டல் தனியாக இருந்தார். மற்ற இருவரில் ஒருவர் தன் பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார், இன்னொருவர் அப்போதுதான் காபி வாங்கக் கிளம்பினார். உள்ளே நடந்தது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"பெட்டியைக் குடுங்க வெண்டல்" என்றிருக்கிறாள்.

ரப்பர் போட்ட கார்டுக் கட்டுக்குள் பதினேழாவதாக இருந்தது அவள் கார்டு. கையெழுத்து, பக்கத்தில் ஊதாக் கட்டைவிரல். வெற்றியோடு அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வெண்டல் கார்டைப் பார்க்கவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தானியத்தைப் பார்க்கிற கோழி மாதிரி ஓரக்கண்ணால் தேடினார். ஆர்லீன் கோழி வளர்ப்பவள். கார்டை இறக்கினாள்.

"எத்தனை நாளா?"

"எது?"

"வெண்டல்."

அவர் ஸ்கேலை மேஜை விளிம்போடு சரியாகப் பொருத்தி வைத்தார். "ஜூன்லேர்ந்து. நடுவுல ஒரு பழுப்பு வட்டம். உன் முகம் இருக்கவேண்டிய இடத்துல ஒண்ணுமில்ல. காது ரெண்டும் நல்லாத் தெரியுது."

"மேவிஸுக்குத் தெரியுமா?"

"பெண்டாட்டிக்குச் சொன்னா டாக்டர். டாக்டர்னா இந்த நாற்காலி போச்சு. கையெழுத்தோட சாயலை வச்சே எல்லாக் கார்டையும் ஏத்திட்டேன்னு நினைச்சேன்." பென்சிலைத் தடவி எடுத்தார். "உன்னோடது விட்டுப்போச்சா?"

"விட்டுப்போச்சு."

"அப்போ வெளியில போய்ச் சொல்லு. உனக்கு அந்த உரிமை இருக்கு. டாட்டி உக்காந்திருக்கா போலிருக்கே, இருமல் சத்தம் கேட்டுச்சு."

ஆர்லீன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். கட்டுக்குள் மொத்தம் ஐம்பத்துமூன்று கார்டு. அவள் ஒவ்வொன்றாகப் படித்துப் பட்டியலில் விரலை வைத்தாள், அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அவர் பென்சிலால் குறித்தார். விட்டுப்போனது இன்னும் இரண்டுதான். ஒருவர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனவர். இன்னொருவர் ஆயுளில் சுவரைப் பார்க்காதவர்.

"திங்கக்கிழமை பஸ்ஸை விட்டுட்டு ஒன்பது மணிக்கு வர்றேன். கண் டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். "அதுக்குள்ள மேவிஸுக்கு நீங்க சொல்லியிருக்கணும். தேர்தல் அன்னிக்குப் பட்டியல் பக்கம் உக்காரக் கூடாது, வாசல்ல நின்னு வணக்கம் சொல்லுங்க. மத்த ரெண்டு பேர்கிட்ட ஏதாவது சொல்லிக்குங்க, ஆனா உக்காரக் கூடாது."

"இதைச் சங்கிலியில போட்டுடாதே."

"போடுவேன். பேரில்லாம."

பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்து, மறந்துபோன எவரும் செய்வதுபோல, கட்சியை விட்டு விலகுவதாகக் கையெழுத்துப் போட்டாள். கறை பட்ட கார்டு கட்டுக்குள் பழைய இடத்துக்கே போனது.

பதினொன்றரைக்கு வெளியே வந்தாள். டாட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கார்டு இருந்துச்சா?"

"புதுசா ஒண்ணுல போட்டுட்டேன். இனி நான் யாருக்கும் சொந்தமில்ல."

"நான் கேட்டது அதில்லையே."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆர்லீன் வண்டியில் ஏறினாள்.

"பாத்தியா! மறந்துதான் இருக்கா" என்றாள் டாட்டி என்னிடம். ஞாயிற்றுக்கிழமை அதையே ஒன்பது பேரிடம் சொன்னாள். ஆர்லீன் பக்கத்தில் நின்று எல்லோர் கோப்பையிலும் காபி ஊற்றினாள். அன்று பிற்பகல் என்னைக் கூப்பிட்டு, "சொல்லப்படாதது ஒண்ணு. நல்லா ஜெபிங்க" என்றாள். நான் அடுத்தவளிடம், "பாவம், அவளுக்காகத்தான் இருக்கும்" என்று சேர்த்துச் சொன்னேன். கேள்விதான் கூடாது, சேர்க்கக் கூடாதென்று யார் சொன்னார்கள்?

செவ்வாய்க்கிழமை டாட்டி அவளுக்கு போன் செய்தாள். "வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். எழுதிக்கோ. நீ ஒரு மறதிக்காரி, தேதியை ரெண்டு தடவை எழுதிக்கோ." நவம்பருக்குள் நோட்டில் இரண்டு பக்கத்து முட்டியும் வலிக்கத் தொடங்கிவிட்டது.

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் வெண்டல் எழுந்தார். பதவியை விடுவதாகச் சொன்னார். ஜூனிலிருந்தே கண் தெரியவில்லை என்றும், செப்டம்பர் கார்டுகளில் மூன்றை விட்டுவிட்டதாகவும், அதில் ஒன்றில் ப்ளூபெர்ரிக் கறை இருந்ததாகவும் சொன்னார். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் மண்டபத்தைத் தேடினார். ஆர்லீனைக் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன். கை தட்டினோம். என் காது சுட்டது.

மதியச் சாப்பாட்டு வரிசையில் டாட்டி எனக்கு முன்னால் கைத்தடியோடு நின்றாள். ஆர்லீன் கத்தியோடு பை மேஜைக்குப் பின்னால்.

"ஆர்லீன்" என்றாள் டாட்டி. "அப்போ அன்னிக்கு அந்தக் கார்டு..."

"ஆப்பிளா, ப்ளூபெர்ரியா? வரிசை நிக்குது."

டாட்டி ஆர்லீனின் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"ப்ளூபெர்ரி" என்றாள். "பெரிய துண்டா போடுடி."