என் முகத்தில் பாஸ்கரன் குரல்

அன்றைக்குக் காமயகவுண்டன்பட்டி திராட்சைத் தோட்டத்தில் இருந்தது மொத்தம் நான்கு பேர். குறும்படத்தின் தயாரிப்பாளர், வசனகர்த்தா, கதாநாயகன் – மூன்றும் நான். கேமரா, டைரக்‌ஷன், எடிட்டிங் எல்லாம் என் சித்தப்பா மகன் முத்துப்பாண்டி. கம்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறவன். என் மனைவியாக நடித்தவர் ஜெனிட்டா டீச்சர். நான்காவது ஆள், டீச்சரின் நிஜக் கணவர் அமல்ராஜ். அவருக்கு நாங்கள் கொடுத்த வேலை, தெர்மாகோல் அட்டையைப் பிடித்து டீச்சர் முகத்தில் வெளிச்சம் காட்டுவது. அவராக எடுத்துக்கொண்ட வேலை, என் கையையே பார்த்துக்கொண்டிருப்பது.

போர் போட்டுத் தண்ணீர் வராமல், மனைவியின் நகையை அடகில் தொலைத்த ஒருவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவ்வளவுதான் கதை.

ஏன் ஆடி மாதத்தில் எடுத்தோம்? ஆடியில் முகூர்த்தம் கிடையாது. முத்துப்பாண்டியின் கேமரா சும்மா கிடக்கும். வாடகை மிச்சம். இதைக் கண்டுபிடித்தது நான்தான். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு இவ்வளவு மூளையா என்று எனக்கே கொஞ்சம் கர்வம்.

ஆனால் ஆடியில் நம் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும்... பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிறேன், எப்படி மறந்தேன்?

கவலைப்பட வேறு நிறைய இருந்ததே. பேட்டரி தீர்ந்துவிடுமோ? சாரல் வந்துவிடுமோ? குலையில் கை பட்டால் தோட்டக்காரர் காசு கேட்பாரோ? டீச்சரின் தோளைத் தொடும் ஷாட்டில் தெர்மாகோல் என் தலையில் இறங்குமோ? எல்லாவற்றுக்கும் பயந்தேன். காற்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஒரு வசனம்கூடக் கேட்கவில்லை. லாரித் தார்ப்பாய் படபடக்கிற மாதிரி ஒரே இரைச்சல்.

"டப்பிங் பேசிருவோம்ணே" என்றான் முத்துப்பாண்டி.

தேனியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். டீச்சர் பாடம் எடுப்பதுபோல் ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். நான்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கை காட்டியதும் பேப்பரில் வரியைத் தேடினேன். திரையில் என் வாய் மூடிய பிறகுதான் என் குரல் வந்தது.

"அண்ணே, நீங்க பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்குறீக. ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்குற மாதிரில்ல இருக்கு" என்றான் முத்துப்பாண்டி.

மறுநாள் அவன் கூட்டிவந்தவர்தான் பாஸ்கரன். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, ஜவுளிக்கடைத் தள்ளுபடி சொல்லிப் போகிறவர். ஒரு டீ குடித்தார். என் வசனம் முழுவதையும் அலட்டிக்கொள்ளாமல் பேசி முடித்தார். "நல்லா எழுதியிருக்கீகண்ணே" என்று பாராட்டு வேறு.

ஆடி முடிவதற்குள் கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தைப் போட்டோம். மண்டபமும் சும்மாதானே கிடந்தது.

மன்னிப்புக் கேட்கும் காட்சி வந்தது. "நீ திட்டுனாக்கூடத் தூங்கிருவேன். பேசாம சோறு வைக்கிற பாரு... அதுதான் பயமாயிருக்கு."

பக்கத்தில் விசும்பல் சத்தம். திரும்பினால், என் மனைவி ராஜாத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பேசி அவள் அழுததுண்டு. இப்படி அழுததில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டாள்.

"அது யாரு குரலு?"

"எது?"

"உங்க வாயில இருந்து வந்துச்சுல்ல, அது."

"யாரோ விளம்பரக்காரன்."

"நெஞ்சுக்குள்ள இருந்துல்ல பேசுறாக."

"வசனம் நான் எழுதுனது."

"சரி."

"நடிச்சதும் நான்."

"சரிங்கிறேன்ல. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

இப்போது அந்த ஆட்டோ எங்கள் தெருவில் நுழைந்தால் ராஜாத்தி அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்குப் போகிறாள். தள்ளுபடிக்கா, குரலுக்கா? கேட்கத் தைரியமில்லை. அமல்ராஜ் பாடு எவ்வளவோ தேவலை. எதிராளியின் கையைக் காவல் காக்கலாம். காற்றில் வருகிற குரலை என்ன செய்வது?

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது துணிந்து நானே சொல்லிப் பார்த்தேன், என் சொந்தக் குரலில். "பேசாம சோறு வைக்கிற பாரு... அதுதான் பயமாயிருக்கு."

ராஜாத்தி என் தட்டைப் பார்த்தாள்.

"ஏன், கொழம்புல உப்பு இல்லையா?"

போன வாரம் பாஸ்கரன் என் பைப் கடைக்கு வந்தார். "அண்ணே, அந்த டப்பிங் காசு..." என்று இழுத்தார். சாதாரணமாகப் பேசினாலே அந்தக் குரல் எனக்கு எரிகிறது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டு, வீட்டில் வந்து சொன்னேன்.

"பாவம் அவுக. ஒடனே குடுத்துருங்க" என்றாள் ராஜாத்தி.

அந்தப் 'பாவம்' மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். பாக்கி அப்படியே நிற்கிறது – ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.